கணவன் இறந்தால்தான் கதாநாயகி காதலிக்கலாமா? பிரிட்ஜெட் ஜோன்ஸும் நடுவயதுக் காதலும்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2025இல் வெளிவந்த நான்காவது பிரிட்ஜெட் ஜோன்ஸ் படத்தைப் பார்த்த ஒருவர், மூன்றாம் படத்தின் முடிவில் கைப்பிடித்த கணவனை நான்காம் படம் தொடங்கும் முன்பே கொன்றுவிட்டது ஏன் என்று கேட்டிருக்கிறார். காதல் நகைச்சுவைப் படங்களின் அடுத்தடுத்த பாகங்களில், நாற்பதைத் தாண்டிய கதாநாயகி மறுபடி காதலிக்க வேண்டுமென்றால் இப்படி ஏதாவது ஒரு சாவு விழுந்துதான் ஆக வேண்டுமா என்பது அவருடைய வருத்தம். இருபத்தொன்பது வயது இளைஞனோடு அவளுக்கு ஏற்படும் உறவு நடுவயதுக் காதலைப் பற்றிய உண்மையான சித்திரமா, அல்லது சீட்டு விற்பதற்கான உத்தியா என்பது துணைக் கேள்வி.

சாவு விழ வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் திரைக்கதை எழுதுகிறவர்களுக்கு அது மிக வசதியான வழியாக இருக்கிறது. அந்த வசதிக்கான காரணத்தைக் கதாநாயகியின் வயதில் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி முதல் படத்தின் முடிவில் இருக்கிறது.

காதல் நகைச்சுவை என்ற வகையே திருமணத்தில், அல்லது திருமணத்துக்கு வாக்களிக்கும் ஒரு முத்தத்தில், முடிந்துபோவதற்காக உருவானது. இந்தக் கதைமரபின் பாட்டி என்று சொல்லத்தக்க ஜேன் ஆஸ்டின் தம் நாயகிகளை மணமேடைவரை அழைத்துச்சென்று அங்கேயே விட்டுவிட்டார். அதற்கு அடுத்த பாகம் என்று எதையும் அவர் எழுதவில்லை. ஹெலன் ஃபீல்டிங் 1995இல் லண்டன் நாளிதழ் ஒன்றில் பத்தியாகத் தொடங்கி, 1996இல் நாவலாக வெளியிட்ட பிரிட்ஜெட் ஜோன்ஸின் நாட்குறிப்பு, ஆஸ்டினுடைய 'பிரைட் அண்ட் பிரஜுடிஸ்' கதையை நவீன லண்டனில் மறுபடி நடத்திப் பார்த்த ஒன்று. நாயகனின் பெயரே மார்க் டார்சி. 1995இல் பிபிசி தொடரில் ஆஸ்டினின் நாயகனான டார்சியாக நடித்த காலின் ஃபர்த்தே 2001 திரைப்படத்தில் மார்க் டார்சியாகவும் நடித்தார். அந்தப் படத்தின் முடிவில் பிரிட்ஜெட் உள்ளாடையோடும் மேலே ஒரு ஸ்வெட்டரோடும் பனி கொட்டும் தெருவில் ஓடிப்போய் அவனை முத்தமிடுகிறாள். ஆஸ்டினின் கணக்குப்படி கதை அங்கே முடிந்துவிட்டது. வசூல் நன்றாக இருந்ததால் தயாரிப்பாளர்களின் கணக்குப்படி முடியவில்லை.

இங்கேதான் தொடர் படங்களின் அடிப்படைச் சிக்கல் வருகிறது. சண்டைப் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுப்பது எளிது: புதிய வில்லனைக் கொண்டுவந்தால் போதும், பழைய வெற்றிக்கு எந்தச் சேதமும் இல்லை. காதல் படத்தின் வெற்றியோ இருவர் சேர்ந்தது என்ற அந்த ஒரே செய்திதான். அடுத்த பாகத்தில் கதை வேண்டுமென்றால் அந்தச் சேர்க்கையைக் கலைக்க வேண்டும். கலைத்தால், முதல் படத்தைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள் ஏமாந்தவர்கள் ஆகிவிடுவார்கள். 2004இல் வந்த இரண்டாம் படமான 'தி எட்ஜ் ஆஃப் ரீசன்' இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு தவித்ததை இன்றைக்குப் பார்த்தாலும் உணரலாம். சேர்ந்தவர்களை ஒரு தவறான சந்தேகத்தால் பிரித்து, நாயகியைத் தாய்லாந்துச் சிறைவரை அனுப்பி, கடைசியில் மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்து சேர்க்கிறது அந்தப் படம். போன வழியே திரும்பி வந்ததுதான் மிச்சம்.

இப்போது வயதுக்கு வருகிறேன். தமிழ் இலக்கணக்காரர்கள் பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்தார்கள் என்பது உலா இலக்கியம் படித்த எல்லோருக்கும் தெரியும்: பேதையில் தொடங்கி, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை என்று வளர்ந்து பேரிளம்பெண்ணில் முடிகிறது அந்தப் பட்டியல். பேரிளம்பெண்ணுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வயது 32 முதல் 40 வரை. முதல் படத்தில் பிரிட்ஜெட்டின் வயது 32. அதாவது, நம் புலவர்கள் கடைசிப் பருவம் என்று கருதிய இடத்தில்தான் அவள் கதைக்குள்ளேயே நுழைகிறாள். அதற்கு மேலே போனவளுக்கு உலாவில் இடமில்லை. வீதியில் வருகிற தலைவனைப் பார்த்து மயங்கும் உரிமை நாற்பதோடு பறிபோய்விடுகிறது. இதைப் பழந்தமிழின் குறுகிய பார்வை என்று ஒதுக்கிவிட முடியாது. 2008இல் வந்த 'செக்ஸ் அண்ட் த சிட்டி' திரைப்படத்தில், நாற்பது வயதில் மணம்புரியப்போகும் நாயகி கேரியிடம் ஓர் ஃபேஷன் இதழின் ஆசிரியை, மணக்கோலத்தில் ஒரு பெண்ணைப் படமெடுத்துப் போடக்கூடிய கடைசி வயது நாற்பது என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நியூயார்க்கும் உலாவும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. அந்த ஆசிரியையாக நடித்த கேண்டிஸ் பெர்கன், பத்தாண்டுகள் கழித்து 2018இல் 'புக் கிளப்' படத்தில், தம்முடைய 72ஆவது வயதில், இணையத்தில் துணை தேடும் நீதிபதியாக நடித்தார் என்பதை இங்கே குறும்பாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

நாற்பதைத் தாண்டிய நாயகியை வைத்துத் தொடர்ச்சி எடுக்கும்போது, ஆக, இரண்டு சிக்கல்கள் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. பழைய முடிவைக் கெடுக்காமல் புதிய கதை வேண்டும் என்பது ஒன்று. அவள் மறுபடி ஆசைப்படுவதைப் பார்வையாளர்கள் முகம் சுளிக்காமல் ஏற்க வேண்டும் என்பது மற்றொன்று. கணவனின் மரணம் இரண்டையும் ஒரே அடியில் தீர்த்துவிடுகிறது. விவாகரத்து என்று வைத்தால், பனித்தெருவில் கொடுத்த முத்தம் தவறான ஆளுக்குக் கொடுத்த முத்தம் என்று ஆகிவிடும். நாயகியின் மீதும் பழி பாதி விழும். மரணம் என்று வைத்தாலோ, பழைய காதல் பழுதில்லாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் பாதுகாக்கப்படுகிறது. அவளும் அழுது முடித்தவள் என்ற தகுதியோடு, யாரிடமும் கெட்ட பெயர் வாங்காமல் அடுத்த காதலுக்குள் நுழையலாம். துக்கம் இங்கே ஒரு வகை அனுமதிச் சீட்டாக வேலை செய்கிறது.

பிரிட்ஜெட் மட்டும் இந்த வழியில் போகவில்லை. கேரியின் நீண்டகாலக் காதலனான பிக், 2008 படத்தின் முடிவில் அவளை மணந்துகொண்டான்; அந்தக் கதையின் தொடர்ச்சியாக 2021 டிசம்பரில் தொடங்கிய 'அண்ட் ஜஸ்ட் லைக் தட்' தொடரின் முதல் பகுதியிலேயே, உடற்பயிற்சி சைக்கிளை மிதித்து இறங்கியவன் மாரடைப்பில் இறந்துபோகிறான். 'மாமா மியா' இதையே தலைகீழாகச் செய்தது. 2008 படத்தின் உயிராக இருந்த டானாவை, அதாவது மெரில் ஸ்ட்ரீப்பை, 2018இல் வந்த இரண்டாம் பாகம் கதை தொடங்குவதற்கு முன்பே இறந்துபோனவளாக ஆக்கிவிட்டு, அவளுடைய இளமைக் காலத்தை லில்லி ஜேம்ஸை வைத்துச் சொன்னது. டானாவின் பழைய காதலர்கள் மூவரும், அவர்களில் இருவர் அறுபதைத் தாண்டிய நடிகர்கள், நலமாக இருந்து பாட்டுப் பாடி ஆடுகிறார்கள். மூப்பின் சுமை பெண்ணின் கணக்கில் மட்டும் எழுதப்பட்டது. அதே படத்தில் 1949இல் பிறந்த ஸ்ட்ரீப்புக்குத் தாயாக வருகிற ஷெர் 1946இல் பிறந்தவர். மூன்று வயதில் மகள் பெற்ற அதிசயம் என்று கேலி செய்யத் தோன்றினாலும், ஷெருக்கு அந்தப் படத்தில் ஆண்டி கார்சியாவோடு ஒரு காதல் பாட்டும் கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். எழுபதைத் தாண்டியவருக்குக் கிடைத்தது, டானாவுக்குக் கிடைக்கவில்லை.

பிரிட்ஜெட்டின் விஷயத்தில் ஒரு வேடிக்கையான கால மயக்கம் உண்டு. மார்க் டார்சி இறந்துபோன செய்தி திரைக்கு வந்தது 2025இல் என்றாலும், நாவலில் அவன் 2013லேயே இறந்துவிட்டான். அந்த ஆண்டு வெளியான 'மேட் அபௌட் த பாய்' நாவலில் பிரிட்ஜெட் 51 வயதான, இரண்டு சிறு குழந்தைகளை வளர்க்கும் கைம்பெண். புத்தகம் வரும்போதே வாசகர்களிடம் பெரிய கொதிப்பு எழுந்தது. ஒரு கற்பனைப் பாத்திரத்தின் சாவுக்கு நாளிதழ்கள் செய்தி போட்டன. அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 2016இல், 'பிரிட்ஜெட் ஜோன்ஸஸ் பேபி' படத்தில் அதே மார்க் டார்சிக்கும் பிரிட்ஜெட்டுக்கும் குழந்தை பிறந்து, திருமணமும் நடந்தது. நாவலைப் படித்தவர்கள் அந்தத் திருமணக் காட்சியை, மாப்பிள்ளைக்கு ஆயுள் கெட்டி இல்லை என்று தெரிந்துகொண்டே பார்த்தார்கள். எனக்கு அந்த மூன்றாம் படத்தின் மீது உள்ள பிரியத்துக்கு இதுவும் ஒரு காரணம். 43ஆவது பிறந்தநாளில் தனியாக அமர்ந்து ஒரு சிறு கேக்கில் மெழுகுவத்தி ஏற்றிவைத்துக்கொள்ளும் பெண்ணிலிருந்து தொடங்கி, எந்தத் தந்தைக்குப் பிறக்கப்போகிறது என்று தெரியாத பிள்ளையைச் சுமந்துகொண்டு நடக்கும் அந்தக் கதை, தாமதமான தாய்மையைப் பரிதாபமாகக் காட்டாமல் கூத்தாகவே காட்டியது. திரைக்கதையில் பங்கேற்ற எம்மா தாம்ப்சன், மகப்பேறு மருத்துவராகவும் நடித்து, ஒவ்வொரு காட்சியிலும் சலித்துக்கொண்ட முகத்தோடு படத்தைத் தூக்கி நிறுத்தினார்.

வயதுக் கணக்கில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. 2001இல் பிரிட்ஜெட்டாக நடித்த ரெனே ஸெல்வெகரும் பிரிட்ஜெட்டும் ஏறத்தாழ ஒரே வயது. 1969 ஏப்ரலில் பிறந்த அவருக்கு முதல் படம் வந்தபோது 32 நிறையும் தறுவாய். 2016இல் அவருக்கு 47, பிரிட்ஜெட்டுக்கோ 43. உலகத்தில் பதினைந்து ஆண்டுகள் ஓடியிருக்க, திரையில் பதினோர் ஆண்டுகள்தான் ஓடியிருக்கின்றன. நாயகியின் கடிகாரத்தைச் சற்று மெதுவாக ஓடவிடுவது தொடர் படங்களில் வழக்கமாக நடக்கும் சிறு ஏமாற்றுதான். ஆனால் முகத்தை அப்படி மெதுவாக ஓடவிட முடியாது. 2014இல் ஒரு விழாவில் ஸெல்வெகர் தோன்றியபோது அவருடைய முகம் மாறிவிட்டது என்று உலகம் முழுவதும் பேச்சுக் கிளம்பியதும், 2016இல் மூன்றாம் படத்தின் முன்னோட்டம் வந்ததும் அமெரிக்கத் திரைத்தொழில் இதழ் ஒன்றின் விமர்சகர், முகம் மாறிய நடிகை அதே நடிகைதானா என்ற பொருளில் ஒரு கட்டுரையே எழுதியதும், அதற்கு ஸெல்வெகர் நிதானமாக ஒரு கட்டுரையில் பதில் சொன்னதும் நடந்தவை. படம் இன்னும் திரைக்கு வராத நேரத்தில் அதன் நாயகியின் கன்னத்தைப் பற்றி விவாதம் நடந்தது. அதே படத்தில் ஃபர்த்தின் நரையைப் பற்றி யாரும் கட்டுரை எழுதவில்லை.

இந்த அநாகரிகத்தைச் சொல்லிவிட்டு அதற்குள் ஒளிந்திருக்கும் ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். தொடர் படத்தின் நாயகியை நாம் தனியாகப் பார்ப்பதே இல்லை. அவளுடைய பழைய முகம் நம் நினைவில் பக்கத்திலேயே நிற்கிறது. ஒரு தனிப்படத்தில் ஐம்பது வயதுப் பெண் காதலிப்பதைப் பார்க்கும்போது, அவள் முப்பதில் எப்படி இருந்தாள் என்பது நமக்குத் தெரியாது. வசனத்தில் சொன்னால்தான் உண்டு. தொடர் படத்துக்கு அந்த வசனம் தேவையில்லை. சிவப்பு இரவு உடையில் சோபாவில் அமர்ந்து, வானொலியில் ஒலிக்கும் தனிமைப் பாட்டுக்கு வாயசைத்த பெண்ணை நாம் நேரில் பார்த்திருக்கிறோம். பிறந்தநாள் விருந்துக்கு அவள் சமைத்த சூப், கட்டுவதற்குப் பயன்படுத்திய நூலின் சாயம் இறங்கி நீலமாக மாறியதையும், மார்க் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆம்லெட் போட்டு அந்த இரவைக் காப்பாற்றியதையும் பார்த்திருக்கிறோம். இந்த நினைவுதான் தொடர் படத்தின் கையிருப்பு. அதைச் செலவழிக்கத் தெரிந்த படங்கள் நடுவயதுக் காதலைப் பற்றி வேறெந்தப் படத்தாலும் சொல்ல முடியாததைச் சொல்கின்றன. அதைக் கண்டு வெட்கப்படும் படங்கள் நாயகிக்கு மாவு பூசி, அவளை இளமையாக நடிக்கவைத்துக் கெடுக்கின்றன. என் மதிப்பீட்டில் கணவன் சாகிறானா, பிழைக்கிறானா என்பது இரண்டாம்பட்சம். அந்தக் கையிருப்பைப் படம் என்ன செய்கிறது என்பதே முதல் கேள்வி.

கெடுத்ததற்கு உதாரணம் 2010இன் 'செக்ஸ் அண்ட் த சிட்டி 2'. கேரியின் தோழியான, ஐம்பதைக் கடந்த சமந்தா, மெனோபாஸை ஒத்திப்போடுவதற்காக ஹார்மோன் மாத்திரைகளைப் பை நிறைய எடுத்துக்கொண்டு அபுதாபிக்குப் போகிறாள். விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் அவற்றைப் பறித்துக்கொள்கிறார்கள். அதுவரை அமெரிக்கத் திரையில் பெரிய நட்சத்திரங்களோடு அநேகமாகப் பேசப்படாத ஒரு பொருள் அது. நல்ல எழுத்தாளர் கையில் கிடைத்திருந்தால் சிரிப்பும் வலியுமாக வந்திருக்கும். படமோ அதை வைத்துக் கொச்சையான நகைச்சுவைத் துணுக்குகளை அடுக்கிவிட்டு நகர்ந்துவிட்டது. 'மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்' வேறு விதமாக நழுவியது: நாயகி டூலாவுக்கும் அவள் கணவனுக்கும் இடையே ஆறிப்போன நெருக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிய 2016ஆம் ஆண்டின் இரண்டாம் பாகம், விரைவிலேயே அந்தப் பேச்சை விட்டுவிட்டு, பழைய திருமணச் சான்றில் பாதிரியாரின் கையெழுத்து இல்லை என்று கண்டுபிடித்த அவளுடைய பெற்றோருக்கு மறுபடி திருமணம் செய்துவைக்கப் போய்விட்டது. முதியவர்களின் காதல் இனிமையாக இருந்தது. நடுவயதுக்காரர்களின் காதலுக்குத்தான் இடம் கிடைக்கவில்லை. பேத்தியும் பாட்டியும் காதலிக்கலாம், நடுவில் இருக்கும் அம்மா மட்டும் பந்தி பரிமாற வேண்டும் என்பது இந்த வகைப் படங்களில் எழுதப்படாத சட்டம்.

நான்காம் பிரிட்ஜெட் படம் அந்தச் சட்டத்தை மீறுகிறது. மைக்கேல் மாரிஸ் இயக்கிய அந்தப் படத்தின் தொடக்கத்தில் பிரிட்ஜெட் நண்பர்களின் விருந்துக்குக் கிளம்பிப் போகிறாள். தெருவில் மார்க் வந்து சேர்ந்துகொள்கிறான். பழைய தம்பதிகள் பேசிக்கொண்டு நடப்பதுபோல இருவரும் வாசற்படிவரை நடக்கிறார்கள். கதவு திறக்கிறது. அவள் மட்டும் நிற்கிறாள். நான்கு ஆண்டுகளுக்கு முன் சூடானில் மனிதாபிமானப் பணியின்போது அவன் கொல்லப்பட்டான் என்பது நமக்குப் பிறகு தெரியவருகிறது. மூன்று படங்களாக அவனை அந்தக் கோட்டோடும் அந்த விறைப்போடும் பார்த்துப் பழகியதால், அவன் வந்து சேர்ந்ததில் நமக்குச் சந்தேகமே எழுவதில்லை. கதவு திறக்கும்போது ஏற்படும் வெறுமை அவளுக்கு மட்டும் உரியதாக இல்லாமல் நமக்கும் உரியதாகிவிடுகிறது. கையிருப்பைச் செலவழிப்பது என்று நான் சொன்னதற்குப் பொருள் இதுதான். மரணத்தை வசதிக்காகப் பயன்படுத்தும் படம், கதை நகர்ந்ததும் இறந்தவனை மறந்துவிடும். இந்தப் படம் கடைசிவரை மறப்பதில்லை. பள்ளிக்கூடத்து இசை நிகழ்ச்சியில் மகன் பில்லி பாடும்போதும் அப்பா இல்லாத இடம் காலியாகவே இருக்கிறது.

இப்போது அந்த இளைஞனின் கதை. ஹாம்ப்ஸ்டெட் ஹீத் பூங்காவில் மரத்தில் ஏறி மாட்டிக்கொண்ட பிரிட்ஜெட்டையும் குழந்தைகளையும் இறக்கிவிட வரும் ராக்ஸ்டருக்கு வயது 29. அவனாக நடித்த லியோ வூடால் 1996இல் பிறந்தவர். ஸெல்வெகருக்கு 27 ஆண்டுகள் இளையவர். இந்த இடைவெளியைக் கண்டு திகைத்தவர்கள் ஒரு பழைய கணக்கை நினைத்துப் பார்க்கலாம். 1957இல் வந்த 'லவ் இன் தி ஆஃப்டர்நூன்' படத்தில் ஆட்ரி ஹெப்பர்னோடு ஜோடி சேர்ந்த கேரி கூப்பர் அவரைவிட 28 வயது மூத்தவர். மூத்தது ஆணாக இருந்தால் அது காதல் கதைக்குள் ஒரு தகவல்; மூத்தது பெண்ணாக இருந்தால் அதுவே கதை. நடிகை மேகி கிலென்ஹால், தமக்கு 37 வயதானபோது, 55 வயது நடிகருக்குக் காதலியாக நடிக்க வயது அதிகம் என்று தம்மை ஒதுக்கியதாக 2015இல் சொன்னார். அந்தக் கூற்றுக்குப் பக்கத்தில் ராக்ஸ்டரை வைத்துப் பார்த்தால், படம் ஓர் பழைய கடனைச் சற்று வட்டியோடு திருப்பி வசூலிக்கிறது என்றே தோன்றும்.

என்றாலும் ராக்ஸ்டரின் பகுதி வெறும் பழிவாங்கலாக இருந்திருந்தால் எனக்குச் சலித்திருக்கும். விருந்தில் ஒரு நாயைக் காப்பாற்ற நீச்சல் குளத்தில் குதித்து, நனைந்த சட்டையோடு அவன் வெளியேறும் காட்சியை முழுக்க முழுக்கப் பெண்களின் கண்களால் படமாக்கியிருக்கிறார்கள். ஃபர்த் 1995இல் டார்சியாக நனைந்த சட்டையோடு வந்த காட்சிக்கு அது நேரடி வணக்கம். அது கவர்ச்சிதான், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் பிறகு அவன் திடீரென்று குறுஞ்செய்திகளுக்குப் பதில் போடுவதை நிறுத்திவிடுகிறான். சண்டை இல்லை, விளக்கம் இல்லை. கைபேசித் திரையில் ஒன்றும் வராமல் இருப்பதுதான் பிரிவு. சில காலம் கழித்து அவன் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டு மறுபடி தொடங்கலாமா என்று கேட்கும்போது, அவள் மறுத்துவிடுகிறாள். கோபத்தில் மறுக்கவில்லை, தண்டனையாகவும் மறுக்கவில்லை. இருவருடைய வாழ்வும் வெவ்வேறு கட்டத்தில் இருப்பது அவனைவிட அவளுக்குத் தெளிவாகத் தெரிகிறது. முதல் படத்தின் பிரிட்ஜெட், தன்னை ஏமாற்றிய டேனியலின் ஓர் அழைப்புக்கு எவ்வளவு தடுமாறினாள் என்பதை நினைவில் வைத்திருப்பவருக்கு, இந்த அமைதியான மறுப்பு ஒரு பெரிய பயணத்தின் தூரத்தைக் காட்டும். ஆகவே துணைக் கேள்விக்கு என் பதில்: அந்த உறவில் உத்தியும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது, உண்மை அது முடிகிற விதத்தில் இருக்கிறது.

அதற்குப் பிறகு வருகிறவர் பில்லியின் அறிவியல் ஆசிரியர் வாலிகர். ஊதலை ஊதிப் பிள்ளைகளை அதட்டும் அந்தக் கண்டிப்பான மனிதராகச் சிவெட்டெல் எஜியோஃபோர் நடிக்கிறார். விமர்சனங்கள் பலவும் அவரை 'வயதுக்கு ஏற்ற' துணை என்று எழுதின. பிறந்த தேதிகளை எடுத்துப் பார்த்தேன்: 1977இல் பிறந்த எஜியோஃபோர் ஸெல்வெகரைவிட எட்டு வயதுக்கு மேல் இளையவர். 1960இல் பிறந்த ஃபர்த், ஸெல்வெகரைவிட எட்டு வயதுக்கு மேல் மூத்தவர். இடைவெளி ஏறத்தாழ ஒன்றேதான், திசைதான் வேறு. அதை யாரும் கவனிக்கவில்லை என்பதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

படத்தின் மீது எனக்குக் குறைகளும் உண்டு. ஹாம்ப்ஸ்டெட்டில் அந்த அளவு வீடும், வேண்டியபோது கிடைக்கும் தாதியும் உள்ள ஒரு கைம்பெண்ணுக்கு, காலையில் இரவு உடையோடு பிள்ளைகளைப் பள்ளியில் விடும் அவலத்தைத் தாண்டி உலகியல் கவலை எதுவும் இல்லை. பணத்துக்காக உழலும் கைம்பெண்ணுக்கு மரத்தடியில் ராக்ஸ்டர் கிடைத்திருந்தாலும் அவனைச் சந்திக்க மாலை நேரம் கிடைத்திருக்காது. உடம்பின் மாற்றங்களையும் படம் மேலோட்டமாகவே தொடுகிறது. முதல் படத்தில் எடையும் மதுவும் சிகரெட்டும் நாள்தோறும் கணக்கெழுதப்பட்டன. ஐம்பதைத் தொட்ட உடம்பு கணக்கெழுதுவதற்கு இன்னும் எத்தனையோ புதிய தலைப்புகளைத் தந்திருக்கும். தொழிலின் பார்வையும் முழுதாக மாறிவிடவில்லை: 2025 பிப்ரவரியில் பிரிட்டனில் திரையரங்குகளை நிறைத்த அதே படம், அமெரிக்காவில் திரையரங்குக்குப் போகாமல் நேரே பீகாக் என்ற இணைய ஒளிபரப்புத் தளத்தில் வெளியானது.

சாவே இல்லாமல் நடுவயதுக் காதலைச் சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு, முடியும் என்று நிரூபித்த படம் ஒன்று இருக்கிறது. அது கண்டிப்பான அர்த்தத்தில் காதல் நகைச்சுவை அல்ல என்றாலும் பக்கத்து வீடுதான். ரிச்சர்ட் லிங்க்லேட்டர் 1995இல் 'பிஃபோர் சன்ரைஸ்', 2004இல் 'பிஃபோர் சன்செட்', 2013இல் 'பிஃபோர் மிட்நைட்' என்று ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே இருவரின் கதையைத் தொடர்ந்தார். இங்கே நடிகர்களுக்கும் பாத்திரங்களுக்கும் ஒரே கடிகாரம். ஜூலி டெல்பியும் ஈதன் ஹாக்கும் இரண்டாம், மூன்றாம் படங்களின் திரைக்கதையை இயக்குநரோடு சேர்ந்து எழுதினார்கள். டெல்பி நடித்த செலினின் வசனங்களில் நாற்பதைத் தொட்ட ஒரு பெண்ணின் எரிச்சல் அவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். மூன்றாம் படத்தில் அவர்கள் இரட்டைப் பெண்குழந்தைகளோடு கிரேக்கத்தில் விடுமுறையில் இருக்கிறார்கள். நண்பர்கள் ஒரு விடுதி அறையைப் பரிசாக எடுத்துக்கொடுக்கிறார்கள். குழந்தைகள் இல்லாத ஓர் இரவு. கொஞ்சலில் தொடங்கியது, இடையில் வந்த ஒரு தொலைபேசி அழைப்பால் பேச்சு திசைமாறி, யார் யாருக்காக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்ற நீண்ட சண்டையாக முடிகிறது. செலின் மேலாடை இல்லாமலே பாதிச் சண்டையைப் போடுகிறாள். அந்தக் காட்சியில் கவர்ச்சிக்கு இடமில்லை, கணவனிடம் கூச்சம் போய்விட்ட மனைவியின் சாதாரணம் மட்டும் இருக்கிறது. வியன்னா ரயிலில் சந்தித்த இருபத்து மூன்று வயதுக்காரர்களை நினைவில் வைத்திருப்பவருக்கு அந்த அறை தாங்க முடியாத அளவுக்குச் சிறியதாகத் தெரியும்.

அந்தச் சண்டைக்குப் பிறகு வெளியே நீர்க்கரை மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் செலினிடம், தான் எதிர்காலத்திலிருந்து வந்தவன் என்றும், 82 வயதான அவளே எழுதிக் கொடுத்த கடிதம் தன்னிடம் இருக்கிறது என்றும் சொல்லி, ஹாக் நடித்த ஜெஸ்ஸி, இல்லாத கடிதத்தைப் படிக்கத் தொடங்குகிறான். அவள் முதலில் சிரிப்பதில்லை. ஹாலிவுட் ஒரு கணவனைக் கொன்று சம்பாதிக்கும் இடத்தை, இந்தப் படம் ஒருவரையும் கொல்லாமல், மேசையின் இரு பக்கத்தில் இருவரை உட்காரவைத்து எட்டிவிடுகிறது. இது கடினமான வழி; இரண்டு நடிகர்கள் பதினெட்டு ஆண்டுகள் ஒத்துழைத்தால்தான் சாத்தியம். அதனால்தான் பெரும்பாலானவர்கள் பிக்கின் உடற்பயிற்சி சைக்கிளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நான்காம் படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்டவருக்கு ஒரு யோசனை. இரண்டாம் படத்தைப் பார்க்காவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. முதல் படத்தையும் மூன்றாம் படத்தையும் பார்த்துவிட்டு, அந்த வாரத்திலேயே நான்காம் படத்தின் முதல் பத்து நிமிடங்களை மறுபடி போட்டுப் பாருங்கள். பனித்தெருவில் மார்க் தன் கோட்டைப் பிரித்து அவளை உள்ளே சேர்த்து அணைத்துக்கொண்ட முடிவையும், விருந்து வீட்டின் கதவு திறக்கும்போது அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லாத தொடக்கத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால், இந்தப் படம் அவனை எதற்காகக் கொன்றது என்ற கேள்விக்கு நான் மேலே எழுதியதைவிட நல்ல விடை அந்த இரண்டு காட்சிகளுக்கு நடுவிலேயே கிடைக்கும்.